சீல் வைத்த குக்கர்

குக்கர் மூடியின் கைப்பிடியையும் கீழ்க் கைப்பிடியையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கி, முறுக்கிய இடத்தை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார் பக்தவச்சலம். கம்பி அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, காலண்டர் தாளின் ஓரத்தில் 7.10 என்று எழுதினார். அடுப்பு சிம்மில் எரிந்தது.

"சீல் ஆச்சி. இனிமே யாராச்சும் தொட்டா சரக்குக்கு நான் ஜவாப்தாரி இல்ல" என்றார், பொதுவாக. வீட்டில் இருந்தது அவரையும் மனைவி தாயம்மாவையும் தவிர ஒரு பல்லிதான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயம்மா நிமிரவில்லை. "ரெண்டு ரூமு வூட்ல ஒரு கேட்டு, அதுக்கு ஒரு வாட்ச்மேனு" என்றாள்.

பக்தவச்சலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் இருபத்தாறு வருட வேலை. சென்னை, காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து வரும் டிரெய்லர்களை நிறுத்தி, கதவில் மாட்டிய சீலின் எண்ணை வாய்விட்டுப் படித்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, நேரம் எழுதி உள்ளே விட வேண்டும். வேலை யார்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வியாசர்பாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கும் அது கூடவே வந்துவிட்டது. பூட்டை இரண்டு இழுப்பு, கேஸ் ரெகுலேட்டரை இரண்டு இழுப்பு. மகள் கல்யாணத்தில் சம்பந்தி போட்ட மாலையைக்கூட இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சம்பந்தி அதை இன்னும் மறக்கவில்லை.

இந்த மனிதர் கேக் செய்யக் கிளம்பியதற்குக் காரணம், தெருமுனையில் நிற்கும் அம்பேத்கர் சிலை. அந்த மேடையைக் கட்டியபோது, சித்தாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த தாயம்மா கூலி வாங்காமல் சிமெண்ட் சுமந்தாள். அன்றிலிருந்து ஏப்ரல் பதினாலாம் தேதி, அம்பேத்கர் பிறந்தநாளில், தெருவின் கேக்கை அவள்தான் வெட்டுவாள். வெட்டியதும் தெருப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு துண்டு அவள் வாயில் ஊட்டும். சர்க்கரை வியாதி இருந்தும் யாருக்கும் வாயை மூடமாட்டாள். போன வருடம் பக்கத்தில் நின்ற பக்தவச்சலம் கையை நீட்டி, "போதும், போதும்" என்று தடுத்துப் பார்த்தார். அந்தக் கையைத் தாண்டியும் கேக் போனது. சாயங்காலம் தாயம்மா மயங்கி விழுந்தாள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரி.

அதற்குப் பிறகு அவர் கை இறங்கவே இல்லை. கல்யாண வீட்டில் ஜாங்கிரி வந்தால் கை நீளும். பக்கத்து வீட்டுப் பாயசம் வந்தால் கை நீளும். "போலீஸ்காரன் மாரி கைய நீட்டாதய்யா. நாலு பேரு பாக்குறாங்கோ" என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "இந்த வருசம் நான் எறங்கி வர்ல. கேக்க செங்கொடி வெட்டட்டும்" என்றாள். செங்கொடி எதிர் பிளாக்கில் இருக்கும் பெண், நல்ல பெண்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாளே, அந்தச் சத்தம் பக்தவச்சலத்தின் நெஞ்சில் விழுந்தது. ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படிக் கலங்கியதில்லை.

சர்க்கரை இல்லாத கேக்கை வீட்டிலேயே செய்யும் வழியை யார்டில் கிளார்க்காக இருக்கும் மஜீது போனில் எடுத்துக் காட்டினார். யானைக்கவுனி மொத்தக் கடையில் உடைந்த பாதாம் மலிவு. அதை மிக்சியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும், ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் விட்டுவிடும். அதோடு உலர்ந்த தேங்காய்த்தூள், நான்கு முட்டை, வெண்ணெய், பேக்கிங் பவுடர், ஏலக்காய். இனிப்புக்கு, சர்க்கரைக்குப் பதிலாக ஒரு சிட்டிகை சீனித்துளசிப் பொடி. குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்தால் முக்கால் மணி நேரத்தில் கேக்.

சொல்ல எளிது. முதல் தடவை, சர்க்கரை போடும் கையால் சீனித்துளசியைப் போட்டார். கசப்பில் வேப்பங்காய் தோற்றது. இரண்டாம் தடவை நன்றாகத்தான் உப்பியது. பாதியில் தாயம்மா, "உள்ள இன்னாதான் கீது?" என்று மூடியைத் திறந்துவிட்டாள். கேக் நடுவில் குழிந்து போனது. "சாணி வறட்டி" என்று பேரும் வைத்தாள். "யாருக்குய்யா இத்த செஞ்சிகினு கீற?" என்று கேட்டதற்கு, "யார்டுல ஒரு தோஸ்துக்கு" என்று புளுகினார். மூன்றாம் தடவை, விழா நாள் காலையில். அதற்குத்தான் இந்தக் கம்பி.

7.55க்கு அடுப்பை அணைத்தார். ஆறவிட்டார். கம்பியைப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம். ஒன்பது மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டு, குக்கரைச் சாயாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினார்.

சிலைக்கு மாலை போட்டாகிவிட்டது. மேசைமேல் பேக்கரியிலிருந்து வந்த நீலக் கிரீம் கேக். பக்கத்தில் குக்கரை வைத்ததும் விழாவை நடத்தும் இளைஞன் நிலவன் தலையில் கை வைத்தான்.

"இன்னா நைனா, பிரியாணியா?"

"கேக்குடா. தாயம்மா வெட்டுறது இது. புள்ளைங்க அவளுக்கு ஊட்டுறதும் இதான். அந்த நீலம் உங்குளுக்கு."

"சரி, தொற. பாக்கலாம்."

"நான் தொறக்கக் கூடாது. சரக்குக்கு உடையவங்க முன்னாலதான் சீல் ஒடைக்கணும். அதான் ரூல்."

நிலவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து, சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். "அத்தே! உன் சரக்கு வந்து நிக்கிதாம்! நீ வந்தாத்தான் சீலு ஒடையுமாம்!"

தெருவே கத்தியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பக்தவச்சலம் சட்டைப் பையிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக் கையில் பிடித்தபடி, டிரெய்லருக்குக் காத்திருப்பவரைப் போல நின்றார். பிறகு ஜன்னல் திறந்தது, மூடியது. படிக்கட்டில் தாயம்மாவின் ஏச்சு முதலில் வந்தது, அவள் பின்னால் வந்தாள். வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். அதை அந்தக் கொஞ்ச நேரத்தில் கட்டியிருக்க முடியாது.

"மானத்த வாங்குறியேய்யா" என்றாள். குக்கரைப் பார்த்தாள். கம்பி முறுக்கை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். தெரு சிரித்தது. குறட்டை வாங்கிக் கம்பியை வெட்டி, மூடியை எடுத்தாள்.

கேக் உப்பியிருந்தது. ஒரு பக்கம் வெடித்து, நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. ஏலக்காய் வாசனை வந்தது.

"நம்ம ரோடு மாரியே கீது" என்றாள் தாயம்மா.

வெட்டினாள். பிள்ளைகள் வரிசை கட்டின. ஒன்று, இரண்டு, மூன்று என்று பொடித்துண்டுகள் அவள் வாய்க்குள் போயின. கடைசியில் எதிர் பிளாக் மகிழினி, நான்கு வயது, துண்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நின்றாள். பழக்க தோஷம், பக்தவச்சலத்தின் கை தானாக நீண்டது. தாயம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பாதியில் நின்ற கை மெல்லத் திரும்பி, குழந்தையின் முதுகில் பட்டு, அவளை முன்னால் தள்ளிவிட்டது.