முதுகில் ஒட்டிய மருந்து

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒட்டிய கன்னம், எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புற்றுநோய் வலிக்காக நெஞ்சில் பிளாஸ்திரி போன்ற மருந்து பேட்ச் ஒட்டியிருப்பார். அதைக் குழந்தை பிய்த்து வாயில் வைத்தால் மூச்சே நின்றுவிடலாம் என்று அவரைப் பார்க்க வரும் நர்ஸ் எச்சரித்த பிறகு, என் ஒன்றரை வயது மகளை அவர் மடிக்கு நான் விடவில்லை. அவரும் கேட்கவில்லை. வாசலில் நின்று கையாட்டிவிட்டுப் போவார்.

ஒரு காலை கதவைத் தட்டினார்.

"மோளே, இப்ப முதுகுல ஒட்டியிருக்கு. குட்டிக்கு எட்டாது."

"உங்க கைக்கே எட்டாதே மாமா, யார் ஒட்டுனா?"

"சாயாக்கடை சேட்டன்தான். சினிமா போஸ்டர் ஒட்டுற மாதிரி ஒரு அடி அடிச்சான்."

மறுக்க முடியவில்லை. அவரை உள்ளே உட்காரவைத்து, மகளை அவர் மடியில் வைத்தேன். அவள் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கினாள், அவர் சிரித்தார். எனக்குப் பயம் போகவில்லை. அவர் பின்னால் நின்று, சட்டைக்கு மேலாகப் பேட்ச் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"கையெடுக்காதே மோளே, சுகமா இருக்கு" என்றார்.

அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. எதற்காக அங்கே கை வைத்திருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.