அடிக்கூழுக்கு உரியவன்

சந்து முனையில் நின்று கனகராஜ் மூன்றாவது முறையாகத் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை. ஆனாலும் அவன் நேரே உள்ளே நுழைந்துவிடவில்லை. சீனத் தையற்காரரின் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தான் ஒருநாளும் தைத்துக்கொள்ளப் போகாத ஒரு கோட்டை ஏற இறங்கப் பார்த்தான். அந்தக் கண்ணாடியில் தெருவின் இரண்டு பக்கமும் தெரியும். அதற்காகத்தான் கோட்டு. பிறகு சட்டென்று சாக்கடைப் பலகையைத் தாண்டி, பப்பாளி மரத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து, ராசம்மா கடையின் பின்வாசலில் மறைந்து போனான்.

இப்படி ஒரு வாலிபன் பதுங்கிப் போவதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? முதல் நாள் நானும் அதையேதான் நினைத்தேன். உள்ளே ஓர் அபலைப் பெண் கண்ணீர் ததும்பக் காத்திருக்கிறாள் என்றும், விரைவில் விபரீதம் ஒன்று நேரப் போகிறது என்றும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே காத்திருந்தது ஒரு பானைக் கேழ்வரகுக் கூழ்.

கனகராஜுக்குப் பத்தொன்பது வயது. ஜொகூர் பாருவில் மேட்டின் மேல் இருக்கும் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு. தகப்பனார் யோங் பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர்; காய்ச்சலுக்கு மருந்தும், காயத்துக்குக் கட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் புத்திமதியும் கொடுப்பவர். அந்தப் புத்திமதிகள்தாம் மகனுக்குச் சீதனம். "வயிறு கெட்டா கணக்கு வராதுன்னு எங்கப்பா சொல்வாரு ஐயா" என்பான். நாவிதர் கடையைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடியில் குனிந்து, கீழ் இமையை விரலால் இழுத்து, உட்புறம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பான். சிவந்திருந்தால், "ம், ரத்தம் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பான். மற்றப் பையன்கள் தலை வாரிக்கொள்ளும் கண்ணாடி அது.

வீட்டிலிருந்து வரும் பணம் கொஞ்சம். ரப்பர் விலை விழுந்த பிறகு அது இன்னும் கொஞ்சமாயிற்று. சலவைக்கடை மாடியில் அவனோடு தங்கியிருந்த மூன்று மாணவர்களுக்கும் அதே கதிதான். அவர்கள் ஹைனான்காரச் சீனரின் கோப்பிக்கடையில் வெள்ளை ரொட்டியும் கோப்பியும் சாப்பிட்டு, ராத்திரிக்கு அதையே மறுபடியும் சாப்பிட்டு, பளிங்கு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பெரிய மனிதர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஆள் வெளுத்துக்கொண்டு வந்தார்கள். கனகராஜின் கன்னமோ மாங்காய் போல மினுமினுத்தது.

அந்த மினுமினுப்பின் ரகசியம் ராசம்மா. பெயர்ப்பலகை இல்லாத கடை. இரண்டு பெஞ்சு, ஒரு மண்ணடுப்பு. காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழும் சின்ன வெங்காயமும். மத்தியானம் புழுங்கலரிசிச் சோறு, கொள்ளு ரசம், கடையின் பின்னால் அவளே போட்டிருக்கும் பாத்தியிலிருந்து பறித்த முருங்கையோ வல்லாரையோ ஒரு கீரை. சாயங்காலம் அவித்த மரவள்ளிக் கிழங்கின் மேல் தேங்காய்த் துருவல். எண்ணெய் என்பது அங்கே தாளிக்கும்போது கேட்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான். வயிற்றுப் புண்ணுக்காக வைத்தியர் காரத்தை விலக்கச் சொன்னதால் நானும் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து கனகராஜுக்கு நான் ஆகாதவன்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவான். ஆனால் முதுகுக்கும் அவனுக்குக் கண் உண்டு. ஒருநாள் ராசம்மா என் இலையில் இரண்டாவது கரண்டி கீரை வைத்துவிட்டாள்.

"ஐயாவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. பரவால்லக்கா" என்றது அந்த முதுகு. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அலமாக்! கீரைக்குக் கூடவா பொறாமை? அவரு வயித்து நோவுக்காரரு தம்பி."

"எனக்கும் நோவு வந்தாத்தான் வைப்பீங்களா?"

கோழியையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை அவள் வடித்த கஞ்சியைக் கோழித் தொட்டியில் ஊற்றியபோது எழுந்தே விட்டான். "அக்கா, அதுல உள்ள சத்து தெரியுமா உங்களுக்கு? இதுங்க என்ன பரீட்சையா எழுதப் போகுது?"

சுவரில் ஓர் ஆணியில் அவனுடைய மங்கு தொங்கும். நீல விளிம்பு போட்ட பூச்சுக் கிண்ணம். அதில் வேறு எவரும் குடிக்கக் கூடாது. அதைவிடப் பெரிய உரிமை ஒன்றும் அவனுக்கு இருந்தது. கூழ்ப்பானையில் மேலே நிற்பது தண்ணீர்; கெட்டியாக மண்டி கிடப்பது அடியில். கடைசி அகப்பையான அந்த அடிக்கூழ் எப்போதும் அவன் மங்குக்குத்தான். ராசம்மா கேட்கவும் மாட்டாள், அவன் சொல்லவும் மாட்டான். அகப்பை பானையின் அடியில் உரசும் சத்தம் கேட்டதும் கை தானாக நீளும். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டத்து இளவரசர்களுக்குக் கூட அப்படி ஒரு களை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

சாப்பிட்டு முடிந்ததும் அவன் செய்யும் காரியம்தான் விசித்திரம். நேரே ஹைனான்காரர் கடை வாசலுக்குப் போவான். அங்கே வைத்திருக்கும் பல்குச்சியில் ஒன்றை எடுத்து, தோழர்கள் வரும் வரையில் பல்லைக் குத்திக்கொண்டு நிற்பான்.

"என்னடா, அதுக்குள்ள சாப்ட்டியா?" என்பான் தங்கராஜு. அறைத் தோழர்களில் மெலிந்தவன் அவன். கடைவாய் இரண்டிலும் புண் வெடித்து, சிரித்தால் கண்ணில் நீர் வரும்.

"இப்பத்தான்டா. ரெண்டு ரொட்டி."

"அதே ரொட்டியத்தானே நாங்களும் திங்கிறோம். ஒனக்கு மட்டும் எப்படிலா கன்னம் வைக்குது? மாமியார் வீடு எதுனாச்சும் இருக்கா?"

கனகராஜ் அவன் இமையை இழுத்துப் பார்ப்பான். உள்ளே சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். "தண்ணி நிறையக் குடிடா" என்பான், டிரசர் மகன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

இதை நான் கொடுமை என்று ஒருநாள் சொன்னபோது அவன் தன் பழைய காயத்தைக் காட்டினான். முன்பு ஒரு மலாய்க்காரம்மாவிடம் அருமையான அவித்த கிழங்கு கிடைத்ததாம். ஆசையாய் நண்பர்களிடம் சொன்னானாம். கூட்டம் வந்தது, கிழங்கு சிறுத்தது, தேங்காய்த் துருவல் மறைந்தது, கடைசியில் அவன் போய் நிற்கும்போது சட்டி காலி. "நான் கண்டுபிடிச்ச எடம் ஐயா. எனக்கே 'ஹபிஸ்' சொல்லிட்டாங்க, தீந்து போச்சாம்." சொல்லும்போது குரல் தழுதழுத்தது. காதலியைப் பறிகொடுத்த எத்தனையோ பேரின் கதையைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் இவ்வளவு உருக்கமாகச் சொன்னதில்லை.

ராசம்மா கடைக்கு அதுவரை வந்துகொண்டிருந்த மற்றவர்கள் ரயில் தண்டவாளத்தில் வேலை செய்தவர்கள். ஆள் குறைப்பு வந்தது. பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் தோட்டந்தோட்டமாய்ச் சிதறினார்கள். ராசம்மாவின் கணவன் வீரமுத்துவுக்கும் தண்டவாள வேலை போயிற்று. பெஞ்சில் மிஞ்சியவர்கள் நானும் கனகராஜும்தான்.

"இந்த வாரத்தோட சரி தம்பி" என்றாள் ராசம்மா ஒரு காலையில். "ஸ்கூடாயில அன்னாசித் தோட்டத்துல இவருக்கு வேலை இருக்காம். கடைய மூடிட்டுப் போலாம்னு இருக்கோம்."

கனகராஜின் கையில் மங்கு அப்படியே நின்றது. "நான் வரேன்லக்கா?"

"நீ ஒருத்தன் சாப்ட்டா அடுப்பு எரியுமா? ஏன் தம்பி, ஒங்க பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளைங்க இருக்காங்க. ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலையே. நீ சொல்லவே இல்லியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"சொன்னேன்கா" என்றான். "அவங்களுக்கு இந்தச் சாப்பாடு புடிக்கலையாம்."

ஒரு சொல் ஒரு பெண்ணின் முகத்தை எப்படி அணைத்துவிடும் என்பதை அன்று கண்டேன். அவள் கோபிக்கவில்லை. "புடிக்கலையாமா" என்று மட்டும் சொன்னாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். அன்று அடிக்கூழை அவள் ஊற்றியபோது கனகராஜ் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை அவன் வழக்கம்போல் பப்பாளி மரத்தைத் தாண்டி வந்து ஆணியிலிருந்து மங்கை எடுத்தான். கூழ்ப்பானை அடுப்பில் இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பெஞ்சின் மேல் ஒரு தட்டில் வெள்ளை ரொட்டி. பக்கத்தில் டின் பால். ராசம்மா ஒரு துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். கீரை ஆய்ந்து பழகிய அந்தக் கைக்கு ரொட்டி வெட்ட வரவில்லை. ஒரு முனை தடித்தும் ஒரு முனை தேய்ந்தும் கோணலாய் வந்தது.

"கூழ் எங்கக்கா?"

"அதெல்லாம் யாருக்குப் புடிக்குது? நீங்க படிக்கிற பிள்ளைங்க. ரொட்டிதான் சாப்பிடுவீங்களாம்லா. போறதுக்கு முந்தி நாலு நாளு இத வச்சுப் பாப்போம்னு இவரத்தான் வாங்கியாரச் சொன்னேன். இந்தா தம்பி, பால் தொட்டுச் சாப்பிடு."

பொறாமையே, நீ எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறாய்! அவன் அந்த ரொட்டியை வாயில் வைத்தான். மென்றான். வெகுநேரம் மென்றான். விழுங்க முடியவில்லை.

"அக்கா, நாளைக்குக் கூழு காச்சுங்க. ஆளுங்க வருவாங்க."

"எத்தனை பேரு?"

இந்தக் கேள்விக்கு அவன் தயாராக இல்லை. உதடு அசைந்தது. "ரெண்டு பேரு" என்றான். மங்கை ஆணியில் மாட்டிவிட்டு, முதல் தடவையாக முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினான். தையற்காரர் கடை வரைக்கும் போனான். அங்கே கண்ணாடியில் எதைப் பார்த்தானோ, திரும்பி ஓடி வந்தான்.

"பானை நிறையவே காச்சுங்கக்கா."

மறுநாள் அவர்கள் வந்தார்கள். தங்கராஜு, இன்னோர் அறைத் தோழன் ராஜசேகரன், அவர்களுக்குப் பின்னால் வகுப்பில் பாதி. பெஞ்சு போதவில்லை. ஸ்கூடாய்க்குப் போக வீரமுத்து கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த சாமான் பெட்டியில் நாலு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். ராசம்மா அவர்களை எழுப்பிவிட்டுக் கயிற்றை அறுத்து, உள்ளேயிருந்த மங்குகளை எடுத்தாள். அன்று கூழோடு கீரையும் இருந்தது.

"அடப்பாவி! ஒரு வருசமா இங்கதான் மேஞ்சியா?" என்றான் ராஜசேகரன், வாய் நிறையக் கீரையோடு. "பல்குச்சிய வச்சே எங்கள ஏமாத்திட்டியேடா!"

தங்கராஜு கூழை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தான். "பாருங்கக்கா, ஒரே ரூம்புல படுக்குறோம். இப்படி ஒரு கடை இருக்குன்னு நேத்து வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலக்கா இவன்!"

எல்லாரும் சிரித்தார்கள். ராசம்மா சிரிக்கவில்லை. அகப்பையைப் பானையில் நிறுத்திவிட்டுக் கனகராஜைத் திரும்பிப் பார்த்தாள். நீண்ட பார்வை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். சுவரைப் பார்த்து உட்காரலாம் என்றால் சுவரோரம் முழுதும் ஆள். எங்கேயும் திரும்ப இடமில்லாமல் அத்தனை முகங்களுக்கும் நடுவே நின்றான். ஒவ்வொரு அகப்பையும் ஒவ்வொரு மங்கில் விழும்போது அவன் தொண்டை ஏறி இறங்கியது. பாத்தியில் முருங்கைக் கிளைகள் மொட்டையாகிவிட்டன. எனக்கு வர வேண்டிய இரண்டாவது கரண்டியும் அன்று வரவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை. பின்னால் வீரமுத்து, யாரும் சொல்லாமலேயே, புதிதாக விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

பானை சரிந்தது. அகப்பை அடியில் உரசியது. கனகராஜின் கை தானாக நீண்டது.

"அடிக்கூழு யாருக்கு?" என்றாள் ராசம்மா.

அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் மங்கை நீட்டினார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. கனகராஜை மட்டும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அவன் மங்கில் ஊற்றினாள், கெட்டியாக, விளிம்பு வரைக்கும்.

அவன் அதை வாயருகே கொண்டுபோனான். எதிரே தங்கராஜு கடைவாய்ப் புண்ணை நாக்கால் தடவிக்கொண்டு வெறும் மங்கோடு நின்றான்.

"இந்தா, குடிடா" என்றான் கனகராஜ். "புண்ணு ஆறும்."

தங்கராஜு இரண்டு கையாலும் மங்கைப் பற்றினான். இழுத்தான். மறுபடியும் இழுத்தான். கனகராஜின் விரல்கள் நீல விளிம்பை விடவில்லை.