பேசாலை வாசலில் ரமோனா அம்மாவின் கதிரை

இந்தப் பதிவில் உள்ளவை, வரிசைப்படி:

1. ஏன் போனோம்
2. யாழ்ப்பாணத்திலிருந்து பேசாலை: வழி, நேரம், செலவு
3. அங்கே சமைத்தது
4. முன்னெச்சரிக்கை: மன்னார்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சொல்லாமல் ஒருவரும் சாப்பிட வரமாட்டார்கள்
5. போக நினைப்பவர்களுக்கு

போன மாதம் என் மருமகள் லூசியா மெக்சிக்கோவிலிருந்து தனியாக என்னைப் பார்க்க வந்திருந்தாள். வந்து ஐந்தாம் நாள் அங்கே அவளுடைய தாய் ரமோனா காலமானார். அவர்கள் ஊரில் மறுநாளே அடக்கம். எந்த விமானத்தில் ஏறினாலும் முகம் பார்க்க முடியாது.

ரமோனா அம்மாவை நான் நேரில் கண்டதில்லை. மெக்சிக்கோவின் தெற்கு மூலையில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. ஐந்து பிள்ளைகளோடு விதவையானவர். சோள மாவுக்குள் கறி வைத்து, இலையில் பொதிந்து அவித்து விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் அவிச்சல் விற்பனைக்கு இல்லை. அதைச் சட்டியோடு வாசலுக்கு வெளியே ஒரு கதிரையில் வைத்துவிடுவார். வடக்கே அமெரிக்க எல்லை கடக்கப் போகிறவர்கள் அந்த வழியால்தான் போவார்கள். ஒருவரையும் கூப்பிடமாட்டார், பெயர் கேட்கமாட்டார். கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்குகிறவர் கூசிப்போவார் என்பாராம்.

கனடாவுக்கென்று புறப்பட்ட என் மகன் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில்தான் காய்ச்சலோடு விழுந்தான். தன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு ரமோனா அம்மா மர வாங்கில் படுத்தார். கூட இருந்தவன் பேசாலைப் பெடியன் அன்ரன். அன்ரன் கனடா போய்ச் சேர்ந்துவிட்டான். என் மகன் அங்கேயே நின்று லூசியாவைக் கட்டினான்.

இறந்த ஒன்பதாம் நாள் அவளுடைய சகோதரர்கள் அங்கே தாயின் கதிரையை வாசலில் வைப்பார்கள். தானும் இங்கே ஒன்று வைக்க வேண்டும் என்றாள் லூசியா. அன்ரனின் தாய் திரேசம்மா, தன் வீட்டுக்கு வரச்சொல்லித் தொலைபேசியில் அழுதார். லூசியாவுக்கு இரண்டு நிபந்தனைகள்: ஒருவரையும் கூப்பிடக்கூடாது, சட்டி வெறுமையாகத்தான் வீட்டுக்குள் திரும்ப வேண்டும். தாயின் சட்டி ஒருநாளும் மிச்சத்தோடு உள்ளே வந்ததில்லையாம். இரண்டும் ஒன்றாக நடக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் துணிவில்லை.

காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பூநகரி வழி பஸ். மன்னார் ஏறத்தாழ 115 கிலோமீற்றர், மூன்றேகால் மணித்தியாலம், ஆளுக்கு 470 ரூபா. வலப்பக்கம் இருங்கள், காலை வெயில் படாது. நான் இடப்பக்கம் இருந்தேன். மன்னார்ச் சந்தையில் இரண்டு கோழி வாங்கினோம். சோள மா லூசியாவின் பெட்டியில் இருந்தது. அங்கிருந்து பேசாலை பதினாறு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 2,500. ஓட்டுநர் நிஸ்தார் உப்புக்குளத்துக்காரர். இந்தப் பிள்ளை ஏன் வழி முழுக்க அழுகிறா என்று மெல்லக் கேட்டார். தாய் மோசம் போய் ஒன்பதாம் நாள் என்றேன். பிறகு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று இறங்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரேசம்மாவின் இடியப்பச் சட்டியில்தான் அவித்தோம். வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கொடுத்தது நான்; பாதி கிழிந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு லூசியா ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கேற்றுக்கு வெளியே வைத்து, அதன்மேல் சட்டியை வைத்து மூடினாள். உள்ளே வந்து நிலத்தில் இருந்தாள்.

ஒருவரும் வரவில்லை. சைக்கிளில் போன ஒருவர் சட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார். ஒரு கழுதை வந்து மூடியை மூக்கால் தள்ளியது. திரேசம்மா தும்புத்தடியோடு ஓடினார்.

"நான் அப்பவே சொன்னனான் ஐயா, நாலு வீட்டுக்குச் சொல்லுவம் எண்டு. இப்ப கழுதைதான் விருந்தாளி."

ஒன்றேகால் ஆனது. நானே இரகசியமாகப் போய் நாலு வீட்டுக்குச் சொல்லலாம் என்று செருப்பைப் போட்டேன். லூசியா நிமிர்ந்து பார்த்து, என் மகனிடம் பழகிய தமிழில் சொன்னாள்.

"வேண்டாம் மாமா. அம்மா கூப்பிடுறேல்ல."

செருப்பைக் கழற்றினேன். அந்தச் சட்டி அப்படியே திரும்பினால் இவள் எந்த முகத்தோடு சகோதரர்களிடம் போவாள் என்ற ஒன்றே மனதில் ஓடியது. நான்தான் இடத்தைப் பிழையாகத் தெரிவுசெய்துவிட்டேன். மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் யாத்திரைக்காரராவது சாப்பிட்டிருப்பார்கள்.

அப்போது ஒழுங்கையில் நாலைந்து பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடிய பாத்திரம். முன்னால் வந்த பருத்த மனுசி பிலோமினாக்கா, அடுத்த வளவுக்காரி. வந்ததும் திரேசம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"தாய் செத்த பிள்ளையை அடுப்படியில விட்டிருக்கிறியே, உனக்குக் கொஞ்சமும் அறிவில்லையோ?"

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு ஐயாதான் சொன்னவர்."

பிலோமினாக்கா என் பக்கம் திரும்பினார். நான் சுவரோடு ஒதுங்கினேன்.

"செத்தவீட்டுக்கு ஆர் ஐயா சொல்லி வாறது? கலியாணத்துக்கெல்லோ சொல்லவேணும்."

சோறு, மீன் குழம்பு, வெறுந்தேத்தண்ணி எல்லாம் வந்து இறங்கின. சட்டியைத் தூக்கி மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, வாசலில் இருந்த கதிரையை ஒருத்தி உள்ளே கொண்டுவந்து போட்டாள். பிலோமினாக்கா லூசியாவைத் தோளில் பிடித்து அதில் இருத்தி, சோற்றைக் குழைத்துக் கையில் வைத்தார். பெயர் கேட்கவில்லை. ஒன்பது நாளில் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டது அப்போதுதான்.

சட்டி கைக்குக் கை மாறியது. "இதென்ன, கொழுக்கட்டைக்குள்ள கோழியோ?" என்று ஒருத்தி கேட்க, லூசியா அழுதுகொண்டே சிரித்தாள். ஆட்டோக்கார நிஸ்தாரும் வந்து கேற்றடியில் நின்றார்.

"நான் ஒருத்தரையும் கூப்பிடேல்ல ஐயா. இங்க தேத்தண்ணிக் கடையில மௌத்து விசயம், பிள்ளையின்ர தாய் மோசம் போயிட்டா எண்டு மட்டும்தான் சொன்னனான்."

கடைசிப் பொதி அவருக்குத்தான் கிடைத்தது. லூசியா வெறும் சட்டியைப் படம் எடுத்துச் சகோதரர்களுக்கு அனுப்பினாள்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், பேசாலையில் உவர். ஆட்டோக் கூலியை ஏற முன் பேசுங்கள். சாப்பாட்டை வெளியில் வைப்பதானால் கழுதைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மேலே நான்காவதாக எழுதியிருப்பது புறப்படுவதற்கு முதல்நாள் நான் குறித்துவைத்தது. அது பிழை.