இறங்காத கூரை

கோட்டுச்சேரியில் எங்கள் வீடு சாலை வளைவில் இருந்தது. வாசல் தாழ்வாரத்தின் ஓட்டுக்கூரையை நான்கு மரத்தூண்கள் தாங்கின. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு மத்தியானம், மணல் ஏற்றிவந்த லாரி சறுக்கி வந்து இரண்டாவது தூணைப் பெயர்த்துத் தள்ளியது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

தூண் அவர் மார்பின் குறுக்கே விழுந்து கிடந்தது. "யாராச்சும் தூக்குங்க" என்றார். குரல் தெளிவாகத்தான் கேட்டது.

தெருவே ஓடிவந்தது. ஆனால் மேலே உத்தரம் முனகியது. இரண்டு ஓடுகள் சரிந்து விழுந்து உடைந்தன. எல்லோரும் வாய்க்கால் ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே ஓடப்போன அம்மாவை மாமா, அம்மாவின் தம்பி, இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போவாதக்கா! கூரை எறங்குனா புள்ளைக்கு யாரு இருக்கா? முட்டுக் குடுத்துட்டுத் தூக்கிடுவோம்."

அம்மா அவர் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. சவுக்குக் கட்டை எடுத்துவர ஆட்கள் ஓடினார்கள். அவர்கள் வருவதற்குள் அப்பா இரண்டு முறை தண்ணீர் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து தூணை மாற்ற வந்த ஆசாரி அண்ணாந்து பார்த்தார். "உத்தரம் ஒரே மரங்க. ஒரு தூணு போனா பாரத்தை மத்த மூணும் வாங்கிக்கும். இது விழாது" என்றார்.

அம்மா எழுந்து போனாள். அன்று அவசரத்தில் நட்ட முட்டுக்கட்டையின் தலை உத்தரத்தைத் தொடவே இல்லை. அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"எறங்கவே இல்லியேடா" என்றாள் மாமாவைப் பார்த்து.

மாமா கொல்லை வழியாகப் போய்விட்டார். அம்மாவும் வீட்டின் உறுதியைத்தான் மெச்சுகிறாள் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் பெருமையடித்தேன்.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அறுப்பு முடிந்ததும் நெல்மூட்டையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வெயிலிலேயே நிற்பார். அம்மா கூப்பிடமாட்டாள். அவருக்குக் கூரையிடம் இன்னும் பயம் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். அவர் கையைப் பிடித்து இழுப்பேன்.

"விழாது மாமா, பயப்படாம வாங்க."