ஹில்லெவியின் பதில்

ஊலு நகரத்து இல்மாரி, கணினி இயங்குதளத்தின் உட்கருவில் கோப்புகளைக் காக்கும் நிரலைப் பழுது பார்ப்பவர். ஒரே கோப்பை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அழிக்க, அதே நொடியில் இன்னொன்று பெயர் மாற்ற, கணினி உறைந்துபோனது. காரணத்தை வேவு பார்க்க நிரலில் ஒரு வரி சேர்த்தால், அது உண்டாக்கிய சிறு தாமதத்திலேயே பழுது ஒளிந்துகொண்டது. மூன்று வாரம் போராடி, ஒரு நேரத்தில் ஒன்றே கோப்பைத் தொடும்படி ஒரு பூட்டுப் போட்டு, திருத்தத்தை நிரலாளர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினார். முன்பு தன்னோடு இதே நிரலைப் பார்த்துவந்து, வேலையை விட்டு ஆடு வளர்க்கப் போன ஹில்லெவியின் பெயரையும் வழக்கம்போல் பெறுநர்களில் சேர்த்தார். இரண்டு வருடமாக அவள் பதில் போட்டதில்லை.

அன்று போட்டாள்: “அட மக்கு இல்மாரி, கோப்பைத் தேடுறதுக்கு முன்னாடியே பூட்டணும்யா! தேடி முடிச்சுப் பூட்டினா, அதுக்குள்ள கோப்பு போயிருக்காதா? என் ஆட்டுக்கு இருக்கிற புத்திகூட உனக்கில்ல.”

பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். அனுப்பினால் ‘சரி’ என்று ஒரு வரி வரும்; பிறகு அவள் ஆடுகளிடம் போய்விடுவாள். காபி ஆறும்வரை அனுப்பும் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எங்கோ யாருடைய கணினியோ உறைந்து கிடக்குமே என்றுதான் கடைசியில் அழுத்தினார்.