அட்டையில் இல்லாத விலாசம்

“அடையாள அட்டையில கிடக்கிற விலாசத்த விடு மகன். ராவைக்கு எங்க படுக்கிற? அதச் சொல்லு.”

மோட்டார் சைக்கிளோடு விழுந்து, முழங்கால் தோல் உரிந்து, நடுரோட்டில் குந்தியிருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று புதியவர்கள் முழிப்பார்கள். ஆலங்குடாவுக்குத் திரும்பும் வளைவில் டயர் கடை வைத்திருக்கும் ஸலாஹுதீனைத் தெரிந்தவர்கள் முழிக்க மாட்டார்கள். பதில் வந்தால்தான் மனுஷன் அடுத்த வேலைக்கு நகருவார்.

அந்த வளைவுக்கு என்ன சாபமோ, மாதத்துக்கு ஒன்றாவது மோதும். சத்தம் கேட்டதும் “யா அல்லாஹ்!” என்று எழும்பி ஓடுவார். ட்யூபில் ஓட்டைக்கு அடையாளம் போடும் வெண்கட்டி கையிலேயே இருக்கும். அதனால் வாகனத்தின் சில்லுகளைச் சுற்றிக் கோடு இழுத்துவிடுவார். பொலிஸ் வரும்வரை எவனும் வாகனத்தைத் தொடக்கூடாது. தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வருகிற நல்ல மனுஷருக்குத்தான் முதல் ஏச்சு விழும். “வாயில ஊத்தாத! ஒப்பரேசன் செய்யணுமெண்டா என்ன செய்யிற?” டிரைவரின் சட்டையைப் பிடிக்கிறவர்களுக்கு அடுத்தது. “அவனுக்கு அடிச்சா இவன்ட எலும்பு பொருந்துமா? போய்ப் போட்டோ எடு, நம்பர் தெரியிற மாதிரி.”

அம்புலன்சுக்கு 1990. அந்த நம்பரை அவருக்கு யாரும் பாடமாக்கித் தரவில்லை. அந்த வருஷம்தான் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துத் துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வள்ளமேறி இந்தப் புத்தளக் கரையில் வந்து இறங்கினார். இருபத்தைந்து வயது. பக்கத்தில் கல்யாணம் முடித்து மூன்று மாதமான ஸுல்பிகா.

“பதிவ இங்க மாத்திக்கொள்ளுவம். இங்கதானே இருக்கிறம்?” என்று ஸுல்பிகா வருஷா வருஷம் கேட்டாள். ஸலாஹுதீன் விடவில்லை. “அட்டையையும் மாத்திட்டா ஊர்ல நமக்கு என்ன மிஞ்சும்?” என்பார். யுத்தம் முடிந்ததும் அந்தப் பிடிவாதம் இன்னும் கூடியது. போய் வீட்டைத் திருத்தலாம், கிணற்றை இறைக்கலாம் என்று வாயெல்லாம் மன்னார்தான். இவர்களோடு அகதி முகாமில் இருந்த முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்; உடம்பு இங்கே, விலாசம் அங்கே.

யுத்தம் முடிந்த இரண்டாம் வருஷம், முன்கூட்டிச் சொல்லாமல் புத்தளத்துக்குத் தன் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்ட ஸுல்பிகா ஏறிய வேன் பாலாவிக்குப் பக்கத்தில் புரண்டது. அவளுடைய கைபோன் வீட்டு மேசையில் சார்ஜில் கிடந்தது. பையில் இருந்தது அடையாள அட்டை மட்டும். அதைப் பார்த்துத் தகவல் மன்னாருக்குப் போனது, கூரையில்லாத, ஆளில்லாத ஒரு வீட்டைத் தேடி. அங்கிருந்து வாய்க்கு வாய் மாறி அது ஸலாஹுதீனிடம் வந்து சேர மறுநாள் சுபஹுத் தொழுகை நேரம் ஆயிற்று. அவரோ, மனுசி தங்கச்சியோடு கதைத்துக் கதைத்துத் தங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மையித்துத்தான் இருந்தது. “பகலெல்லாம் அரை மயக்கத்துல அது ஒண்டையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க, அவர் வந்துட்டாரா எண்டு,” என்றாள் ஒரு தாதி. அந்த ஒரு வாக்கியம் அவரை இன்னும் தின்கிறது.

“ஸலாஹுதீன் நானா, ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறீங்க, உங்கட அட்டையில இன்னும் மன்னார்தானே?” என்று சந்தியில் சீண்டுவார்கள். சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, “அவட பேரும் என்ட பேரும் ஒண்டாக் கிடந்த வீட்டு நம்பர் அது. எப்படிடா அழிக்கிறது?” என்பார். அட்டையின் பின்பக்கம் மகளின் போன் நம்பரை ஒட்டி வைத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம், ஹோட்டல் வேனொன்று இடித்து ஆட்டோ புரண்டது. உள்ளே இருந்தவள் ஃபஹ்மியா, இரண்டு பிள்ளைகளின் தாய். கால் முறிந்திருந்தது. அட்டையில் மன்னார். ஸலாஹுதீன் கேட்கவேண்டியதைக் கேட்டார். கண்டக்குழியில் குடியிருப்பதாகச் சொல்லி, புருஷன் நௌஃபரின் நம்பரை முனகினாள். அவனுக்குக் கோல் எடுத்தார். வள்ளம் இப்போதுதான் கரைக்கு வந்திருக்கிறது, புறப்படுகிறேன் என்றான்.

அந்நியப் பெண்ணின் கையைப் பிடிக்க ஏலாது. அதனால் அவள் தலையைச் சுற்றியிருந்த ஷோலின் நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். “இருக்கிறன் மகள், பயப்படாத.”

“அவர் வந்துட்டாரா?” என்றாள்.

ஸலாஹுதீன் ரோட்டை எட்டிப் பார்த்தார். “வாறான் மகள், வாறான்.” ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதே கேள்வி, அதே பதில். முதலில் வந்தது அம்புலன்ஸ்தான். ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். ஷோல் நுனியை விட மனம் வரவில்லை அவருக்கு. கடை திறந்தபடி கிடந்தது, கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. “அத நிப்பாட்டுங்கடா!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டு அவரும் ஏறிவிட்டார். ஏறியதும் நௌஃபரிடம் போனில், நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கும்போது மோட்டார் சைக்கிளிலிருந்து குதித்து ஓடி வந்தான் நௌஃபர். உடுத்திருந்த சாரத்தில் மீன் செதில், காலில் செருப்பில்லை. ஃபஹ்மியா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

“இனி ஏன் ஓடுற வாப்பா, நேரத்துக்கு வந்துட்டதானே. கேட்டுக்கிட்டே இருந்தா,” என்றார் ஸலாஹுதீன். வெண்கட்டித் தூள் படிந்த கையால் அந்த ஷோல் நுனியை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.