காதுகுத்துப் படம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அருப்புக்கோட்டையில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவரின் போட்டோ ஸ்டூடியோவில் நடந்தது இது. நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். அவர் கடையின் கல்யாண, காதுகுத்துப் படங்கள் எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. புதிதாக இன்னொரு டிஸ்க் வாங்கி, அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சர்வரைப் போட்டு, கடையில் உள்ள மூன்று கம்ப்யூட்டரிலும் படங்கள் தெரியும்படி செய்து தருகிறேன் என்று பெருமையாகச் சொன்னது நான்தான்.

சர்வர் போடும் முன் படங்கள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். என் மாணவர்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்று போனதே தாமதம். அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, "பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள ஆரம்பிச்சிரும்மா" என்றார். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, பழியை அவர்மேல் போட மாட்டேன். ஸ்க்ரூ கழற்ற நேரமில்லை. சர்வரைப் போட எந்த டிஸ்க்கை அழிக்கலாம் என்று திரை கேட்டது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. பத்து இருபத்தெட்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சரி என்று அழுத்தினேன்.

சர்வர் ஏறியது. நெட்வொர்க் மட்டும் வரவில்லை. பிரிண்டருக்கும் சர்வருக்கும் ஒரே முகவரி கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினேன். அந்தச் சந்தோஷத்தோடு படங்களைத் தேடினால், புது டிஸ்க் காலியாக இருந்தது. படங்கள் இருந்த டிஸ்க்கில்தான் சர்வர் உட்கார்ந்திருந்தது. அந்த டிஸ்க்கை மதுரைக்குக் கொண்டுபோய், அழிந்ததை மீட்டுத் தருபவர்களிடம் காட்டியும் பாதிப் படங்கள்தான் மீண்டன. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் அங்கே இருந்தபோது, திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். பந்தல்குடி ரோட்டில் லாரி மோதி அவர் கணவர் இறந்துவிட்டார். படங்கள் இருந்த செல்போனும் அதில் நொறுங்கிவிட்டதாம். மகள் காதுகுத்தில் அண்ணன் எடுத்த கணவரின் படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்ட வேண்டும் என்றார்.

"ஆல்பம் அப்புறமா போட்டுக்கலாம்னு இருந்துட்டோம்ணே."

மீண்ட படங்களை எல்லாம் இரண்டு முறை தேடினோம். அது மட்டும் இல்லை.

"கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சு தாயி" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

அந்த அக்கா கணவரின் ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். "இதுல இருக்கிறது அவுக மூஞ்சியே இல்லண்ணே. சரி, இதையாச்சும் பெருசாக்கிக் குடுங்க."

எப்படிப் பெரிதாக்கினாலும் கலங்கலாகத்தான் வந்தது. அதையே வாங்கி முந்தானையால் துடைத்துக்கொண்டு, என்னிடமும் "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர் கெட்டுப்போனதாக நம்பிப் போன அவரைத் தேடிப்போய், அழித்தது நான்தான் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். திருச்சுழி பஸ்ஸில் ஏறும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.